கீழ்ப்பகுதியிலும் அதே தண்ணீர்தான்



கூலிமிலிருந்து காராங்கான் தாண்டிப் போனால் மலையடிவாரத்தில் சுங்கை செடிம். போன விடுமுறையில் எட்டுப் பேர் அங்கே ரப்பர் படகு ஓட்டப் போனோம். ஆற்று ஓட்டத்தை உலகம் முழுக்க 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 புதியவர்களுக்கு, 6 உயிரைப் பணயம் வைப்பது. ஒரே ஆற்றில் ஓரிடம் பாறை நெருக்கம், ஓரிடம் அமைதி. மழை பெய்தால் தரமே மாறிவிடும். மலைவெள்ளம் எப்படி இறங்கும் என்பதை 2021 ஆகஸ்டில் குனோங் ஜெராய் அடிவாரத்தில் பார்த்தோமே.

வழிகாட்டி அபாங் முதலில் கேட்டது, "யார் புதுசு?" நான் கை தூக்கவில்லை. இஞ்சினியரிங் படிக்கிறவன், நீரோட்டக் கணக்கெல்லாம் போட்டவன், எதுக்குத் தூக்கணும்?

இரண்டாவது பாறையிலேயே தண்ணிக்குள் போனேன். விழுந்தால் மல்லாந்து மித, காலை ஓட்டம் போகும் பக்கம் நீட்டு, எழுந்து நிற்காதே என்று கரையிலேயே சொல்லியிருந்தார். நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். பாறை இடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் ஆளை அமுக்கிவிடும். அபாங்தான் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துப் போட்டார். திட்டவில்லை. "கீழ்ப்பகுதியில் ஓட்டிப் பழகு, அப்புறம் இங்கே வா" என்றார், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பயம் மட்டும் காரணமில்லை. எங்கள் தேவார வகுப்புக்கு ஒரு தம்பி வந்துகொண்டிருந்தான். பதின்மூன்று வயது, தேசியப் பள்ளி மாணவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவன் வரவில்லை.

கீதையின் 12ஆம் அத்தியாயத்தில் கண்ணன் படி இறங்கி வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? மனத்தை என்னிடம் நிறுத்து என்கிறார். முடியவில்லையா, பழகு. அதுவும் முடியவில்லையா, எனக்காக வேலை செய். அதுவும் ஆகாதா, பலனையாவது விட்டுவிடு. எந்த இடத்திலும் 'இதுகூட முடியாதா' என்று அர்ஜுனனைக் கேட்கவில்லை. நம் சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு. முதலாவதான சரியைக்கு யாரைக் காட்டுகிறோம்? உழவாரப்படையோடு கோயில் புல்லைச் செதுக்கிய அப்பர் பெருமானை! என் பாட்டி பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து தோட்டத்து மாரியம்மன் கோயிலைக் கூட்டுகிறார். அதைச் சின்ன வேலை என்று நினைத்தவன் நான்.

அப்படியானால் மேலே போகவே வேண்டாமா? போகணும். ஆனால் கூட ஏறுகிற ஆள் வேண்டும். திருக்கொள்ளம்பூதூரில் ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து ஓடக்காரர்கள் ஒதுங்கியபோது, சம்பந்தர் அடியார்களை ஓடத்தில் ஏற்றித் தானும் ஏறிப் பதிகம் பாடினார், ஓடம் கரை சேர்ந்தது என்கிறது பெரிய புராணம். யாருக்கு நீச்சல் தெரியும் என்று அவர் கேட்டதாக அதில் இல்லை.

போன வாரம் அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். வகுப்புக்கு வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை பாட்டியோட கோயில் கூட்டப் போறேன், நீயும் வரியா?" என்றேன்.

"எத்தனை மணிக்குண்ணே?" என்று கேட்டான்.