பழைய படகும் புதிய பலகையும்

நெடுங்காலம் உழைத்த ஒரு பொருளைப் பேணுதல் என்பது யாது? அதனை உள்ளவாறே வைத்திருத்தலா? அன்றி, அது தன் பணியைத் தொடர்ந்து ஆற்றுமாறு, தேய்ந்த உறுப்புகளை நீக்கிப் புதியன பொருத்துதலா? இவ்வினா எளிதாகத் தோன்றினும் ஆழமானது. இதனை ஆராய்வதற்குப் பழைய பாய்மரப் படகு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகும். நாகமலையின் அடிவாரத்தில், கடல் காணாத சமவெளியில் வாழும் நமக்குப் படகைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என அன்பர்கள் வினவலாம். வீட்டுக் கூரை ஒழுகினால் பாத்திரம் ஒன்றை வைத்துச் சில நாள் கடத்தலாம். நடுக்கடலில் படகின் அடிப்பலகை ஒழுகினால் அவ்வாறு கடத்த இயலாது. நிலத்தில் நாம் தள்ளிப்போடும் வினா கடலில் உடனே விடை கேட்கிறது. ஆகவேதான் படகை எடுத்துக்கொண்டோம்.

இவ்வினாவின் பழைய வடிவம் கிரேக்க நாட்டினது. ஏதென்ஸ் நகரத்தார் தம் வீரனாகிய தீசியசு ஏறிவந்த கலத்தைப் போற்றிக் காத்தனர் என்றும், உளுத்த பலகையை எடுத்துவிட்டு உறுதியான புதுப்பலகையைப் பொருத்தி வந்தனர் என்றும் புளூட்டார்க் எழுதினார். அது அதே கலம்தான் என்று ஒரு சாராரும், அன்று என்று மறு சாராரும் வாதிட்டனராம். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் இச்சிக்கலை இன்னும் இறுக்கினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் ஒன்றுவிடாமல் சேர்த்துவைத்து, அதே ஒழுங்கில் மற்றொரு கலத்தைக் கட்டினால் இரண்டில் எது உண்மையான பழைய கலம்?

பலகையே கலம் என்போர்க்கு இரண்டாவது கலமே உரியது. உருவமும் தொடர்ச்சியுமே கலம் என்போர்க்கு முதலாவதே உரியது. இரு சாராரும் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து முழுமையையும் கண்டதாகக் கொள்கின்றனர். ஒவ்வொரு பொருளும் தோற்றம், அழிவு, நிலைபேறு என்னும் மூன்றனையும் ஒருங்கே உடையது என்பது நம் முன்னோர் கண்ட கொள்கை. பழைய பலகை நீங்குதல் அழிவு. புதுப்பலகை அமைதல் தோற்றம். இவ்விரண்டினூடும் கலம் கலமாகவே இருத்தல் நிலைபேறு. மரம் என்ற நோக்கில் அது வேறு. பயணம் என்ற நோக்கில் அதுவே. எந்த நோக்கில் கேட்கிறோம் என்பதைச் சொல்லாமல் கேட்பதே குழப்பத்தின் வேர்.

நம் தமிழர் வரலாற்றிலும் இதற்கொரு சான்று உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்க மாலுமி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சூயஸ் கால்வாய் கடந்து, அட்லாண்டிக் பெருங்கடல் கடந்து, 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். ஏட்டில் பெயர் மாறிற்று, உரிமையாளர் மாறினார். ஆயினும் அவ்வூரார் இன்றும் அதனை அன்னபூரணி என்றே போற்றுகின்றனர். அவர்கள் எண்ணத்தில் அக்கலத்தின் உயிர் பதிவேட்டில் இல்லை. அதனைக் கட்டிய கையிலும் செலுத்திய கையிலும் உள்ளது.

இனி, அறிவின் வினாவிலிருந்து அறத்தின் வினாவுக்கு வருவோம். 'அதுதானா இது?' என்று கேட்பதைவிட, 'எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது?' என்று கேட்பதே பேணுவோர்க்குப் பயன்படும்.

இதனைத் தெளிய நாம் தொலைவு செல்ல வேண்டா. நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்த கீழக்குயில்குடியில் சமணர் மலை உள்ளது. அங்குச் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அச்சிற்பத்தின் மூக்கு சிதைந்தது என்று ஒருவர் சிமெண்டால் புதுமூக்கு வைத்தால் அது பேணுதல் ஆகாது; அழித்தலே ஆகும். ஏனெனில் அங்கே மதிப்பு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உளி பட்ட அந்தக் கல்லிலேயே உள்ளது. கல்வெட்டின் தேய்ந்த எழுத்தை ஆழமாக வெட்டிப் 'புதுப்பித்தால்' சான்றே மாய்ந்துபோம். அங்கே நம் கடமை தொடாமல் காத்தல்.

படகோ இதற்கு நேர்மாறானது. அதனைத் தொடாமல் காத்தால் அது அழியும். பலகைகளின் இடுக்கில் பஞ்சுத் திரியைச் செலுத்தி எண்ணெய்ப் பிசின் பூசி அடைக்கும் கலப்பத்து வேலையை உரிய காலத்தில் செய்யாவிடில் நீர் புகும். நீருக்குள் இருக்கும் உலோக உறுப்புகள் அரிக்கப்படாதிருக்க அவற்றின் அருகே துத்தநாகக் கட்டி பொருத்துவர். அரிமானத்தைத் தான் ஏற்றுக் கரைவதே அக்கட்டியின் தொழில். அது பழையது, கழற்றாதீர் என்று பாதுகாத்தால் அடுத்துக் கரைவது சுக்கானின் ஆணியாகவோ காற்றாடியாகவோ இருக்கும். சில உறுப்புகள் மாற்றப்படுவதற்காகவே படைக்கப்பட்டவை. அவற்றை மாற்றுவதே மற்றவற்றைக் காக்கும் வழி.

ஆகவே முதல் தெளிவு இது: சான்றாக நிற்கும் பொருளில் பருப்பொருளைக் காக்க வேண்டும்; பணி செய்யும் பொருளில் பணியைக் காக்க வேண்டும். கல்லுக்குரிய நெறியைப் படகுக்கும், படகுக்குரிய நெறியைக் கல்லுக்கும் இடம் மாற்றி வைப்பதாலேயே பழமையைப் போற்றுவோர் பலர் பிழைபடுகின்றனர்.

பணியைக் காக்க எதையும் மாற்றலாம் என்றால், பாயை எடுத்துவிட்டு முழுதும் எந்திரப் படகாக்கிவிடலாமே என்பார்க்கு என்ன விடை? தூத்துக்குடித் தோணிகளின் வரலாறு இதற்கு விடை தரும். மரத்தால் கட்டிய இத்தோணிகள் நெடுங்காலம் காற்றை மட்டுமே நம்பிக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றன. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றில் டீசல் எந்திரம் பொருத்தப்பட்டது. காற்றுக்குக் காத்துக் கிடந்த நாள்கள் குறைந்தன. அதனைக் குறை கூறுவதற்கில்லை; தண்டலும் தோணியாள்களும் விரைந்து வீடு திரும்புதல் நன்றே. ஆயினும் 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் பாய்மரக் கலத்துக்குத் தந்த வரையறை சிந்திக்கத்தக்கது. எந்திரம் இருப்பினும் இல்லாவிடினும், பாயை மட்டும் கொண்டு கடலில் செல்லப் போதிய பாய்ப்பரப்பு உடையதே பாய்மரக் கலம் என்று அச்சட்டம் கூறியது. எந்திரம் சேர்ந்ததால் அதன் இயல்பு கெடவில்லை. எந்திரம் நின்ற வேளையில் தானே செல்லும் ஆற்றல் போனால்தான் கெடும். சட்டம் வகுத்தோர் கருதியது எதுவாயினும், புதுமையை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் கிடைத்தல் அரிது.

இவ்வளவுகோலை ஓர் உண்மை நிகழ்ச்சியில் வைத்துப் பார்ப்போம். பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 'சுஹைலி' என்னும் 32 அடிப் படகில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேய மாலுமி 1968 ஜூன் 14-இல் தனியே புறப்பட்டார். எங்கும் கரை இறங்காமல் உலகைச் சுற்றி 312 நாள்களுக்குப் பின் 1969 ஏப்ரல் 22-இல் திரும்பினார். தனியொருவர் அவ்வாறு இடைநில்லாது சுற்றியது அதுவே முதன்முறை. வழியில் அவருடைய வானொலி பழுதாயிற்று. படகைத் தானே திருப்பும் கருவி உடைந்தது. தொட்டியிலிருந்த குடிநீர் கெட்டது. அடிப்பலகையில் நீர் கசிந்தபோது கடலில் மூழ்கி இடுக்கை அடைத்தார். கருவிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டபோதும் படகு கைவிடவில்லை. காரணம், அதன் உயிர் கருவிகளில் வைக்கப்படவில்லை. மரத்திலும் பாயிலும் மாலுமியின் பயிற்சியிலும் வைக்கப்பட்டிருந்தது.

இதனைக் கேட்டு, 'ஆகவே பழமையே போதும். புதுக்கருவி வேண்டா' என்று முடிவு கட்டுவோர் மறுபக்கத்தையும் காண வேண்டும். அப்பயணத்தின் பொன்விழாவாக 2018-இல் நடந்த கோல்டன் குளோப் போட்டியில், 1968-இல் இருந்த வகைக் கருவிகளை மட்டுமே கொண்டு படகு செலுத்த வேண்டும் என்பது விதி. இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, சுஹைலியைப் போலவே கோவாவில் கட்டப்பட்ட 'துரியா' என்னும் படகில் கலந்துகொண்டார். 2018 செப்டம்பர் 21-இல் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயலில் சிக்கிப் படகு புரண்டது, பாய்மரம் முறிந்தது, அவருக்கு முதுகெலும்பில் கடுங்காயம் ஏற்பட்டு எழ முடியாத நிலை. போட்டி விதி பழமையைப் போற்றியபோதிலும், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் புதுக்கருவியைப் படகில் வைக்கச் செய்திருந்தது. அதன் வழியே செய்தி சென்றது. மூன்று நாள்களில் 'ஒசிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. பின்னர் அடுத்த போட்டியில் கலந்து, 2023-இல் இரண்டாம் இடம் பெற்றார். பழமையின் தூய்மைக்காக அந்தச் சிறு கருவியையும் விலக்கியிருந்தால், ஓர் உயிரை விலையாகக் கொடுத்துப் பழமையைக் காத்தவர்களாவோம். அதனை எந்த அறமும் ஏற்காது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் முரண்படுவன அல்ல, ஒன்றையொன்று நிரப்புவன. செல்வதற்குரிய ஆற்றல் எளியதாகவும் கையால் திருத்தக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். உயிர் காப்பதற்குரிய கருவி கிடைப்பவற்றுள் சிறந்ததாக இருத்தல் வேண்டும். பழைய படகைச் சீரமைப்போர் எது முதல், எது பின் என்று முடிவு செய்ய இது துணை புரியும்.

அவ்வாறு முடிவு செய்கையில் மனம் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் வேலையையே நாம் விரும்புகிறோம். புதிய வண்ணம், பளபளக்கும் திரைக்கருவி, குளிர்ப்பெட்டி ஆகியவற்றைக் காண்போர் புகழ்வர். கடல்நீர்க் குழாயின் அடைப்பான், புகுந்த நீரை இறைக்கும் பம்பு, பாய்மரத்தைத் தாங்கும் கம்பி, சுக்கானின் இணைப்பு ஆகியவற்றை எவரும் காண்பதில்லை. ஆனால் படகு மூழ்குவது குளிர்ப்பெட்டி இன்மையால் அன்று. விரலளவு குழாய் ஒன்று அறுவதால்.

புதுக்கருவிகள் தாமாகவே பெருகும் இயல்பும் உடையன. ஒரு குளிர்ப்பெட்டி வைத்தால் அதற்குப் பெரிய பேட்டரி வேண்டும். பேட்டரிக்கு மின்னூட்டும் சாதனம் வேண்டும். அனைத்துக்கும் பருமனான கம்பி வேண்டும். பழைய மெல்லிய கம்பியிலேயே புதுச்சுமையை ஏற்றினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கும். கடலில் தீயைப்போல் அஞ்சத்தக்கது வேறில்லை. வசதி என்று ஏற்றிய ஒன்று மற்றொன்றைக் கேட்க, அது வேறொன்றைக் கேட்க, இறுதியில் படகு மனிதரைச் சுமப்பதை விட்டுப் பொருள்களைச் சுமக்கிறது. உடைமைக்கு அளவு வகுத்துக்கொள்க என்ற அறவுரை கரையில் உள்ளோர்க்கு நல்லொழுக்கம். கடலில் செல்வோர்க்கோ உயிர்காப்பு.

இன்னொன்றும் கருதத்தக்கது. பழுது என்று அறிந்தும், 'அடுத்த பயணத்தின்பின் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுதல் சோம்பல் மட்டும் அன்று. கொல்லும் எண்ணம் இல்லாவிடினும் கவனக்குறைவால் உயிர்க்குத் தீங்கு நேர்வதும் இம்சையே என்பது நாம் கற்ற பாடம். உளுத்த பலகையை அறிந்துவைத்துக்கொண்டு கூலிக்காரரைப் படகில் ஏற்றும் உரிமையாளர், படகு பத்திரமாகத் திரும்பி வந்தாலும் குற்றத்தினின்று நீங்கார். தீங்கு நேராமை அவர் நல்லூழே ஆகும், நற்செயல் ஆகாது.

பேணுதலின் சிறப்பு வெளியே தெரிவதில்லை. இந்தியக் கடற்படையின் 'தாரிணி' 2017 செப்டம்பரில் ஆறு பெண் அதிகாரிகளுடன் உலகைச் சுற்றப் புறப்பட்டது. வழியில் சுக்கானைத் திருப்பும் அமைப்பு பழுதாகவே, 2018-இல் மொரீஷியசில் நின்று செப்பனிட்டுக்கொண்டு மே மாதம் கோவா திரும்பியது. அதே தாரிணி 2024 அக்டோபர் 2-இல் மீண்டும் புறப்பட்டது. இம்முறை தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி ஆகிய இரு பெண் அதிகாரிகள் மட்டுமே செலுத்த, 2025 மே 29-இல் கோவாவை அடைந்தது. முதற்பயணத்தில் வழியில் நின்று பழுது நீக்கியவர் ஓட்டத்தை இழந்தவர் அல்லர். படகுக்கு இரண்டாம் பயணத்தை ஈந்தவர்.

அன்பர்களே! நம் கையில் உள்ள பழைய வீடு, சத்திரம், பாடசாலை, சங்கம் ஒவ்வொன்றும் ஒருவகைப் படகே. அவற்றில் கல்லாகக் காக்க வேண்டியது எது, பலகையாக மாற்ற வேண்டியது எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். பிறகு, புதியது நின்றுபோனாலும் பணி நிற்காதபடி அமைத்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பழுதை முதலில் நீக்குதல் வேண்டும். எதை, எப்போது, ஏன் மாற்றினோம் என்று அடுத்து வருவோர்க்கு எழுதிவைத்தல் வேண்டும். இன்று நாம் வைக்கும் புதுப்பலகையும் ஒருநாள் பழம்பலகை ஆகும். அதனைக் கழற்றுவோர் நம்மை ஏசாதவாறு உறுதியாகவும், அவர்க்கு எளிதாகுமாறு நேர்மையாகவும் இன்று ஆணி அறைவதே நாம் செய்யத்தக்க அறம்.