யாரைப் பார்த்து உடுத்துவது?

பிறரைப் பார்த்து உடுத்தாதவர் உலகத்தில் எவரும் இல்லை. தாயைப் பார்த்துத்தான் குழந்தை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அதற்குப் புடவை என்று பெயர் வைக்கிறது. ஆகவே, அழகாக உடுத்தியவரைக் கண்டு வியப்பது சரியா, தவறா என்று விவாதிப்பது வீண் வேலை. வியந்து முடித்த பிறகு நாம் நம்மிடம் எப்படித் திரும்பி வருகிறோம்? கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதை எனக்குக் கற்றுக் கொடுத்தவள் என் தமக்கையின் மகள்.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த தலைச்சோலைப் பக்கம், நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் ஒரு டிசம்பர் மாதம் தங்கியிருந்தேன். ஒரு நாவலின் கடைசி அத்தியாயங்கள் பாக்கி இருந்தன. லீவுக்கு அவளும் வந்திருந்தாள். பதினேழு வயது, கறுப்பு நிறம், மெலிந்த தோள்கள். அவள் பெட்டியில் துணிமணிகளை விட, பத்திரிகைகளிலிருந்து கத்தரித்த விளம்பர அழகிகளின் படங்களே அதிகம். கண்ணாடியின் முன் நின்று படத்தையும் தன்னையும் மாறி மாறிப் பார்ப்பாள். பார்த்து முடித்ததும் முகம் வாடிவிடும். தை மாதம் நடக்கவிருந்த அக்காள் கலியாணத்தில், "போட்டோவுக்கு மட்டும் நிற்க மாட்டேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். தமக்கை கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அதை என்னிடம் சொன்னாள்.

ஒரு நாள் காலை ஏற்காடு ஏரிப் பக்கம் போனோம். அங்கே ஒரு புடவை விளம்பரத்துக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் கத்தரித்து வைத்திருந்த படங்களில் ஒன்று உயிர் பெற்று வந்தாற்போல, மயில்கழுத்து நிறப் பட்டுடுத்தி ஒரு யுவதி நின்றாள். மூடுபனி இன்னும் விலகவில்லை. காமிராவுக்கு முன் அவள் வசந்த காலத்தில் நிற்பவள் போலச் சிரித்தாள். காமிரா ஓய்ந்ததும் பற்கள் கிட்டிப்போக நடுங்கினாள். யாரோ ஒருவர் ஓடி வந்து சால்வையைப் போர்த்தினார். அவள் திரும்பியபோதுதான் கண்டோம்: ரவிக்கையின் முதுகுப்புறத்தைத் துணி காயப்போடும் கிளிப்புகளால் இழுத்துப் பிடித்திருந்தார்கள்!

"மாமா, அந்த ரவிக்கை அவளுக்கும் பொருந்தவில்லை!" என்றாள் என் மருமகள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் மெல்லக் கேட்டாள்: "உங்கள் கதைகளில் வருகிற கதாநாயகிகள் மட்டும் ஏன் மாமா எல்லாருமே சிவப்பாக இருக்கிறார்கள்?"

எனக்குப் பதில் வரவில்லை. எத்தனை நாவல்கள்! எத்தனை கதாநாயகிகள்! சந்தனம், ரோஜா, தந்தம் என்று அகப்பட்டதையெல்லாம் அள்ளி அவர்கள் கன்னத்தில் பூசியிருக்கிறேன். கறுத்த பெண் என் கதையில் வந்தால், தோழியாக வந்து கடிதம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மறைந்துவிடுவாள். விளம்பரக்காரரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் பேனாவும் இத்தனை நாள் முதுகுப்புறத்தில் கிளிப்பு மாட்டும் வேலையைத்தான் செய்திருக்கிறது. அந்தப் பெட்டியில் இருந்த படங்களோடு என் புத்தகங்களும் சேர்ந்தே அவளை வாடச் செய்திருக்க வேண்டும்.

அப்படியானால் வியப்பு என்பதே ஒரு ஏமாற்று என்று முடிவு கட்டிவிடலாமா? ருக்மிணி தேவியை நினைத்தால் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் அவர் மனத்தைப் பறிகொடுத்தார். பாலே நடனமும் பயின்றார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்று அவரைத் திருப்பி அனுப்பியவர் அந்தப் பாவ்லோவாவேதான். அவர் 1935-ல் அடையாறு பிரம்மஞான சபையில் பரதம் ஆடினார். 1936-ல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். நடனத்தோடு நிற்காமல் தறிகளையும் அமைத்துப் பழைய கரைகளையும் வண்ணங்களையும் மீட்டார். கலாக்ஷேத்திரப் புடவை என்ற பெயரே அதனால் நிலைத்தது. ஒருத்தியைக் கண்டு வியந்தவர், அந்த வியப்பின் வழியாகத் தம் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்.

எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் நீலத்தையும் எண்ணிப் பாருங்கள். காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த நிறம். ஜவுளிக் கடைகளில் "எம். எஸ். நீலம்" என்றே பெண்கள் கேட்டு வாங்கினார்கள். நீலத்தை வாங்கிவிடலாம், சாதகத்தை வாங்க முடியாதுதான். ஆனாலும் அந்தப் பெண்களை நான் பரிகசிக்க மாட்டேன். அதை உடுத்திய அன்று அவர்களில் ஒருத்தியாவது நிமிர்ந்து உட்கார்ந்து தம்பூராவுக்குச் சுருதி கூட்டியிருக்க மாட்டாளா?

'அவளைப் போல நான் இல்லையே' என்பது ஒரு வியப்பு. 'எனக்குப் பொருந்துவது எது?' என்பது இன்னொரு வியப்பு. முன்னது கண்ணாடியின் முன் அழுது முடிகிறது. பின்னது அங்கிருந்து புறப்படுகிறது. தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறுகிறார்கள். குளிருக்கும் முள்ளுக்கும் வேலைக்கும் அது பொருந்துகிறது. அவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் அவர்கள் முதுகில் கிளிப்பு இல்லை.

தை மாதக் கலியாணத்தில் என் மருமகள் போட்டோவுக்கு நின்றாள். தாயாரின் பழைய அரக்குப் பட்டை உடுத்தியிருந்தாள்.

"படங்களையெல்லாம் எறிந்துவிட்டாயா அம்மா?" என்று கேட்டேன்.

"ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன் மாமா. அதில் இருக்கிறவள் தலைப்பு போட்டிருக்கிற விதம் எனக்கும் நன்றாயிருக்கிறது" என்றாள்.

அன்று இரவு நாவலின் கையெழுத்துப் பிரதியை எடுத்து, கதாநாயகியின் ரோஜாக் கன்னத்தை அடித்தேன். அடிப்பது சுலபமாயிருந்தது. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், வெகு நேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.