எழுத முடியாத எண்ணின் கடைசி இலக்கம்

சீடன்: குருவே, கிரகாம் எண்ணை யாராலும் எழுதி முடிக்க முடியாது என்கிறார்கள். அது 7இல் முடிகிறது என்றும் அடித்துச் சொல்கிறார்கள். தலையைக் காணாதவர்கள் வாலை எப்படிக் கண்டார்கள்?

குரு: பல பரிமாணக் கனசதுரத்தின் முனைகளை இணைக்கும் கோடுகளுக்கு இரண்டு நிறம் பூசும் புதிர் ஒன்று உண்டு. அதன் விடை இதைத் தாண்டாது என்று ரொனால்ட் கிரகாம் காட்டிய எல்லைதான் அந்த எண். 1977இல் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகு ஊரறிந்தது. (உண்மையான விடை வெறும் 13ஆகக்கூட இருக்கலாம் என்பது வேறு வேடிக்கை.) நம் கண்ணுக்கு எட்டும் பிரபஞ்சம் முழுவதிலும் இலக்கங்களை நுணுக்கி நுணுக்கி எழுதினாலும் இடம் போதாது. ஆனால் அது பிறந்த விதம் தெரியும்: 3இன் அடுக்காக 3, அதற்கும் அடுக்காக 3 என்று எழும்பும் கோபுரம். மூன்றே நிலைக் கோபுரம் 3இன் 27ஆம் அடுக்கு, அதாவது 7625597484987. இனி 3இன் அடுக்குகளைப் பார்: 3, 9, 27, 81, 243. கடைசி இலக்கம் 3, 9, 7, 1 என்று நான்கு படிக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. ஆகவே அடுக்கை 4ஆல் வகுத்தால் வரும் மீதி போதும். அந்த அடுக்கோ 3இன் ஒற்றைப்படை அடுக்கு. 27, 243 போல எப்போதும் 3 மீதி தரும். சுழற்சியில் மூன்றாவது எது?

சீடன்: 7. ஆனால் நீங்கள் அறிந்தது விதியைத்தானே, எண்ணை அல்லவே? கண்ணால் காணாத ஒன்றை அறிந்ததாகச் சொல்லலாமா?

குரு: கண்ணால் கண்டால் அறிந்ததாகிவிடுமா? ஆர்எஸ்ஏ-2048 என்ற எண்ணில் 617 இலக்கங்கள். அத்தனையும் ஒரே பக்கத்தில் அடங்கும். இரண்டு பகா எண்களைப் பெருக்கி வந்தது என்றும் தெரியும். அந்த இரண்டும் எவை என்று இதுவரை யாரும் கண்டு சொல்லவில்லை. கிரகாம் எண்ணின் பகாக் காரணியோ ஒன்றே ஒன்று, 3. எழுதி வைத்த எண் வாய் திறக்கவில்லை. எழுத முடியாத எண் தன் காரணியைச் சொல்லிவிட்டது.

சீடன்: அப்படியானால் முதல் இலக்கத்தையும் சொல்லுங்கள்.

குரு: அங்கேதான் வழி அடைபடுகிறது. கடைசி இலக்கம் 10ஆல் வகுத்த மீதி. மீதிகள் சுழலும், சுழல்வதைக் குறுக்கலாம். முதல் இலக்கத்துக்கு 3இன் மடக்கையான 0.4771...ஐ அந்த அடுக்கால் பெருக்கி, வரும் பின்னப் பகுதியைப் பார்க்க வேண்டும். அதற்கு மடக்கையின் தசம இடங்கள் ஏறக்குறைய அடுக்கின் இலக்கங்கள் அளவுக்கு வேண்டும். அடுக்கையும் எழுத முடியாது. 1 முதல் 9 வரை ஏதோ ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும் உறுதி.

சீடன்: பத்தை விட்டுவிட்டு மூன்றை அடிமானமாகக் கொண்டால்? 3இன் அடுக்கு என்பதால் 1 போட்டு, பிறகு சுழியங்கள் மட்டும். தலையும் தெரிந்துவிட்டதே!

குரு: தெரிந்துவிட்டது. எத்தனை சுழியம்?

சீடன்: அடுக்கு எவ்வளவோ அத்தனை.

குரு: அந்த எண்ணிக்கையும் ஒரு நிலை குறைந்த அதே கோபுரம். அதுவும் 7இல்தான் முடியும்.