நாவும் கண்ணாடியும்

அய்யா துணை



ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து அன்னதானம் நடக்கிறது. ஒரு மருமகள் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் விளம்பி வருகிறாள். பந்தியில் இருந்த ஒரு அக்காள் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்கிறாள்: "வீட்டு வாசல்ல கடன்காரன் நிக்கான். இவளுக்கு இங்க என்ன தர்மம் வேண்டிக் கிடக்கு?" தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். ஆனாலும் அது மருமகளின் காதில் விழுந்துவிட்டது.

எந்தத் தாங்கலிலும் நடக்கக் கூடியதுதான் இது. சொன்னவள் கை கழுவும்போதே சொன்னதை மறந்துவிட்டாள். கேட்டவளால் மறக்க முடியவில்லை. இரவு பாயில் படுத்தால் அந்தச் சொல் கூடவே படுக்கிறது. "இவள் ஒருத்தி சொன்னாளா, ஊரெல்லாம் இப்படித்தான் பேசுகிறதா? விளம்பும்போது எல்லோரும் என்னைப் பார்த்தது இதற்குத்தானா?" ஒரு வாயில் வந்த சொல்லை அவள் மனமே நூறு வாயில் போட்டுப் பேச வைத்தது. அடுத்த ஞாயிறு அவள் தாங்கலுக்கு வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை.

அன்பர்களே, இங்கே இரண்டு பிழைகள் உண்டு. ஒன்று நாவின் பிழை. மற்றொன்று, ஊர்ச் சொல்லுக்கு மனத்தை அடகு வைத்த பிழை.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். கொல்லம் ஆண்டு 1008 மாசி 20ஆம் நாள் திருச்செந்தூர்க் கடலிலிருந்து எழுந்தருளிய அய்யா, சாமிதோப்பில் 6 ஆண்டுகள் தவம் இருந்தார். ஏசியவர்களும் உண்டு, எள்ளி நகைத்தவர்களும் உண்டு. திருவிதாங்கூர் அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனபோது வழியெல்லாம் அடியும் வசையும்தான். சிங்காரத்தோப்புச் சிறையிலும் வைத்தார்கள். அய்யா பொறுத்தார். ஊர்ச் சொல்லுக்குப் பயந்து தம் வேலையை நிறுத்தவில்லை.

நம் முன்னோர் தலைப்பாகை கட்டக் கூடாது என்று தடுத்து வைத்திருந்த காலம் அது. அந்தத் தலையில்தான் அய்யா தலைப்பாகை கட்டச் சொன்னார். "நாலு பேர் என்ன சொல்வார்களோ" என்று அன்று அவர்கள் தயங்கியிருந்தால், இன்று நாம் தலைப்பாகையோடு பதிக்குள் நிற்போமா?

பள்ளியறையில் அய்யா நமக்கு வைத்திருப்பது கண்ணாடி. அதில் தெரிவது அவரவர் முகம். அடுத்தவர் வாயைக் கண்ணாடியாக எடுத்துக்கொண்டால் நம் முகம் எப்படி நேராகத் தெரியும்?

அந்த மருமகளைத் தேடி, தாங்கலில் பணிவிடை செய்யும் ஒரு பெரியம்மை வீட்டுக்கே போனாள். "மக்களே, உனக்குக் கடன் இருக்கது உண்மைதானே? அதை உழைச்சு அடைச்சுப் போடலாம். அதுக்காக அய்யாவுக்குச் செய்ய பணிவிடையை ஏன் விடணும்? கண்ணாடியில உன் முகம் தெரிஞ்சுதா, பந்தியில இருந்தவ முகம் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். மருமகள் அழுதுவிட்டு முகத்தைக் கழுவினாள்.

திரும்பி வரும் வழியில் பெரியம்மை அந்த அக்காள் வீட்டிலும் ஏறினாள். அவளோ, "நானா? அப்படியா சொன்னேன்?" என்று திகைத்துப் போனாள். நாவின் பிழையில் மோசமானது இதுதான். எய்தவருக்கு எய்த நினைவே இருப்பதில்லை. தைத்தவர் மட்டும் முள்ளைச் சுமந்துகொண்டு நடக்கிறார். பசித்தவருக்குச் சோறு இடுவது தர்மம். அந்தச் சோற்றை உண்ட வாயாலேயே ஒருவரைப் பந்தியை விட்டு விரட்டினால், செய்த தர்மம் எங்கே நிற்கும்?

ஆகவே ஒருவரைப் பற்றி வாய் திறக்கும் முன், அவர் எதிரே நின்றால் இதைச் சொல்வோமா என்று ஒரு நொடி நினைப்போம். சொல்ல மாட்டோம் என்றால், அந்தச் சொல் வாய்க்குள்ளேயே கிடக்கட்டும். நம்மைப் பற்றி ஒரு சொல் காதில் விழுந்தால், அதில் உண்மை இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் திருந்துவோம். இல்லாவிட்டால் அய்யா பாதத்தில் வைத்துவிட்டு உறங்குவோம். தெரியாமல் ஒருவரை நோகடித்துவிட்டால், அவர் வாசலுக்குப் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்போம்.

அடுத்த ஞாயிறு அந்த மருமகள் மீண்டும் வாளியைத் தூக்கினாள். அக்காள் எழுந்து வந்து, "வாய் தவறிப் போச்சு மக்களே, மனசுல வைக்காத" என்று சொல்லி, தானும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

அய்யா உண்டு.