கடிகாரக் கல்வியும் கைப்பொருளும்

பயன் கருதாத கல்விக்குப் பொருள் செலவிடலாமா? பெங்களூரில் மத்திய அரசு எழுத்தனாகிய எனக்கு இவ்வினா அண்மையில் எழுந்தது. கைக்கடிகாரம் பழுதுபார்க்கக் கற்க விழைந்தேன். கற்பிப்பவர் கேட்ட தொகையோ என் மகளின் நான்கு மாத டியூஷன் கட்டணத்துக்கு ஈடாக இருந்தது.

1961-இல் இந்நகரில் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத் தொழிலை மூட 2016-இல் அரசு முடிவெடுத்தது. அத்தொழிலின் படைப்பொன்று, என் தந்தையார் அணிந்தது, நின்று கிடக்கிறது. கடையில் கொடுத்தால் சிறுசெலவில் ஓடிவிடும். ஆகவே இலாபக் கணக்கில் என் விருப்பம் தோற்றே போகிறது.

ஆயினும், சாவி கொடுக்கும் அக்கடிகாரம் ஒரு மணியில் 18,000 முறை துடிப்பது. அந்நுண்மையின்முன் நாற்பதைக் கடந்தவன் மாணவனாய் அமர்வது செருக்கைக் குறைக்கும். கோப்புகள் என் மேசையைக் கடந்து செல்கின்றன; அவற்றின் முடிவை நான் காண்பதில்லை. ஓடத் தொடங்கும் கடிகாரமோ கண்முன் முடிந்த செயல்.

அப்படியாயின் விலையை யார் தருவது? மகளின் பங்கில் கைவைத்தால் அது பிழை. என் சிற்றுண்டிச் செலவைக் குறைத்துச் சேர்த்தால் பிழையன்று. அவ்வாறே சேர்த்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதும் குடும்பத்தின் பொருளே அன்றோ? அதை இல்லாளிடம் கேட்டே பெற்றேன்.