படைசேர எண்ணும் மாணாக்கனும் ஆசிரியர் கடனும்

கலாசாலைப் படிப்பை முடித்துப் பட்டமும் பெற்ற இளைஞன் ஒருவன் தன் பழைய ஆசிரியரிடம் வந்து, "ஐயா, யான் படையிற் சேர எண்ணுகின்றேன், சேரலாமா?" என்று வினவுவானாயின் அவர் யாது விடை கூறுவார்? வைத்தியனாகலாமா, நியாயவாதியாகலாமா, எழுதுவினைஞனாகலாமா என்னும் வினாக்களுக்கு ஆசிரியர்கள் நாடோறும் விடை கூறி வருகின்றனர். அவற்றிற் பிழை நேரினும் சில ஆண்டுகளுள் திருத்திக்கொள்ளலாம். படைசேர்தலோ அத்தன்மையதன்று. தன்னுயிரை இழத்தற்கும் பிறனுயிரைப் போக்குதற்கும் ஒருவன் முன்னரே உடன்பட்டுப் புகும் தொழில் அது. அதனைக் குறித்து ஆசிரியர் கூறும் ஒரு சொல், வகுப்பிற் கூறிய ஆயிரஞ் சொற்களினும் பாரமுடையதாகும்.

நம் நாட்டிலே 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரினால் எத்தனை வகுப்பறைகளில் எத்தனை ஆசனங்கள் வெறுமையாயின என்பதை, இதனை வாசிக்கும் ஆசிரியர் பலர் நேரே அறிவர். அதனை ஈண்டு எடுத்துப் பேசப் புகுந்தேமல்லேம். ஆறாத புண்ணின்மேற் கைவைத்துக்கொண்டு தருக்கம் செய்தல் அரிது. ஆதலின் வேறொரு தேசத்து ஆசிரியரிடம் இவ்வினா வந்தவாற்றையும், அவர் அதனை எதிர்கொண்டவாற்றையும் எடுத்துக்கொண்டு ஆராய்வாம்.

1940 ஆம் ஆண்டிலே பிரான்சு தேசம் ஜேர்மனியர் கைப்பட்டது. அக்காலத்தில் பாரிஸ் நகரத்துப் பள்ளியொன்றிலே தத்துவம் கற்பித்தவர் ழான் போல் சார்த்தர் என்பவர். அவரிடம் மாணாக்கன் ஒருவன் வந்தான். அவனுடைய தமையன் 1940 ஆம் ஆண்டு ஜேர்மனியர் படையெடுப்பிலே கொல்லப்பட்டான். தந்தையோ தாயுடன் பிணங்கியவராய்ப் பகைவரோடு ஒத்துப்போகும் மனச்சாய்வும் உடையவராயிருந்தார். மூத்த மகனை இழந்து, கணவன் செயலால் மனமுடைந்த தாய்க்கு எஞ்சியிருந்த ஆறுதல் இவ்விளையவன் ஒருவனே. அவன் முன் இருவழிகள் இருந்தன. இங்கிலாந்து சென்று சுதந்திர பிரெஞ்சுப் படையிற் சேர்ந்து தமையன் பழி தீர்த்தல் ஒன்று; தாயின் பக்கத்திருந்து அவளை வாழ்வித்தல் மற்றொன்று.

இவ்விரண்டும் ஒரு நிறுவையில் வைத்து நிறுக்கத்தக்கன அல்ல என்பதை அவன் தானே கண்டிருந்தான். தாய்க்குச் செய்யும் உதவி சிறிது. ஆயினும் அதன் பயன் நிச்சயம். தேசத்துக்குச் செய்யும் உதவி பெரிது. அதன் பயனோ நிச்சயமன்று. செல்லும் வழியில் ஸ்பானியாவிலே சிறைமுகாமில் அடைபட்டுக் கிடத்தலும் கூடும். இங்கிலாந்தை அடைந்தபின்னரும், துப்பாக்கிக்கு மாறாக எழுதுகோலைக் கையிற் கொடுத்து ஓர் அலுவலகத்தில் இருத்திவிடுதலும் கூடும். படையிற் சேர்பவன் போர்க்களத்தையே கனவு காண்கின்றான். அவனை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பவர் பிறர். இவ்வுண்மையை அவ்விளைஞன் மறவாதிருந்தமை வியக்கத்தக்கது. எம் மாணாக்கருள் இதனை நினைப்பவர் எத்துணையர்?

சார்த்தர் 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே பாரிஸ் நகரில் நிகழ்த்திய விரிவுரையில் இதனை எடுத்துரைத்து, எந்நூலும் இவனுக்கு உதவாது என்று வாதித்தார். பிறனை நேசி என்பது கிறித்து சமயக் கட்டளை. தாயோ, உடன் போர்புரியும் வீரனோ, யார் அப்பிறன்? எவரையும் கருவியாகக் கொள்ளாது அவர்தம்மையே முடிந்த பயனாகக் கொள்க என்பது காண்ட் என்னும் ஜேர்மனியத் தத்துவஞானியின் விதி. தாயோடு இருந்தால் தனக்காகப் போர்புரிவோரைக் கருவியாக்கினவனாவான், போருக்குச் சென்றால் தாயைக் கருவியாக்கினவனாவான். ஒருவரிடம் சென்று ஆலோசனை கேட்டல் தானும் தீர்மானத்தின் ஒரு பகுதியே. எத்தன்மையாரிடம் கேட்கச் செல்கின்றோமோ அத்தன்மையான விடையையே உள்ளத்தில் முன்னரே விரும்பியிருக்கின்றோம். இவ்வளவும் கூறிய பின்னர் அவர் அம்மாணாக்கனுக்குக் கொடுத்த விடை, நீ சுயாதீனன், நீயே தெரிந்துகொள் என்பதாம்.

ஆலோசனை கேட்டலைப் பற்றி அவர் கூறியது ஆசிரியர்க்கு ஓர் எச்சரிக்கையாகும். உம்மிடம் வந்தவன் மற்றோர் ஆசிரியரிடம் ஏன் செல்லவில்லை என்று ஒருகால் உம்மையே வினவிக்கொள்ளுதல் நன்று. தீர்மானத்தை மாணாக்கனிடமே விட்டமையும் எமக்கு உடன்பாடே. ஆயின் அங்ஙனம் விடுதற்கு முன் ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்றுமில்லையோ?

இவ்விடத்தே பலர் பகவற்கீதையை எடுத்துக்காட்டுவர். போர்செய் என்பதே கீதையின் முடிபு என்று கூறி, அதனை இளைஞன் தலைமேல் வைத்துவிடுவர். அது பொருந்தாது. அருச்சுனன் முன்னரே களம் புகுந்தவன். வில்லேந்தி, சேனையை நிறுத்தி, தன்னை நம்பியோரையும் அழைத்து வந்தபின் விலகலாமா என்று கேட்டவன். எம்மிடம் வருபவன் இன்னும் வாயிலுக்கு வெளியே நிற்பவன். புகலாமா என்று கேட்பவன். இரண்டும் வெவ்வேறு வினாக்கள். திருக்குறளைக்கொண்டும் இவ்வாறே இருதிறத்தாரும் தத்தமக்கு வேண்டியதை எடுப்பர். கொல்லாமை துறவறவியலிலும், படைமாட்சியும் படைச்செருக்கும் பொருட்பாலிலும் வைக்கப்பட்டமைக்குக் காரணம் யாது என்று வினவுவோர் சிலரே. மேடையில் அதற்கு நேரமும் கிடையாது. ஆயினும் கீதையிலே ஆசிரியர் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பதினெட்டாம் அத்தியாயத்தின் இறுதியிலே கண்ணனும், யாவற்றையும் முற்ற ஆராய்ந்து நீ விரும்பியவாறு செய்க என்று அருச்சுனனிடமே விட்டுவிடுகின்றான். சார்த்தர் விடுத்தவாறே அவனும் விடுத்தான். ஆனால் பதினெட்டு அத்தியாயம் கற்பித்தபின் விடுத்தான். இடையிலே கற்பிக்க வேண்டியது யாது என்பதே எமது ஆராய்ச்சிக்குரியது.

அது சத்தியப்பிரமாணத்தின் தன்மை என்பது எமது துணிபு. எழுதுவினைஞன் தன் மேலதிகாரி நெறிதவறியதைக் கண்டால் மறுநாளே உத்தியோகத்தை விட்டு நீங்கலாம். வைத்தியன் தகாத சிகிச்சையைச் செய்ய மறுக்கலாம். படைவீரன் அங்ஙனம் நீங்கலாகாது. அனுமதியின்றி நீங்குதல் குற்றமாகும். அமெரிக்காவிலே புதிதாகப் படைசேர்பவர், நேர்ச்சேவையும் ஒதுக்குப்படைச் சேவையும் கூடப் பொதுவாக எட்டாண்டுக்குக் கட்டுண்கின்றனர். அவ்வெட்டாண்டில் எந்தப் போர் வரும், எத்தேசத்தவர்மேல் வரும், அது நியாயமானதோ அன்றோ என்பதைக் கையெழுத்திடும் நாளில் ஒருவரும் அறியார். ஆகவே, போர் நியாயமானதாயின் சேர்வேன் என்று கூறும் இளைஞன் தன் வினாவைச் சரியாக விளங்கிக்கொண்டவனல்லன். அவன் ஒரு போருக்கு உடன்படவில்லை. இனி வரும் கட்டளைகளுக்கு உடன்படுகின்றான். பல்லாண்டு கற்றுத் தானே நன்று தீது ஆராயும் ஆற்றலை அடைந்த அத்தறுவாயிலே, அவ்வாற்றலைப் பிறர் கையில் ஒப்புவிக்கும்படி கேட்கப்படுகின்றான்.

முழுதும் ஒப்புவிக்க வேண்டுமோ? ஸ்பானியா தேசத்துச் சலமங்காப் பல்கலைக்கழகத்திலே 1539 ஆம் ஆண்டில் விரிவுரை செய்த பிரான்சிஸ்கோ தே வித்தோரியா என்னும் சமயநூல் ஆசிரியர், ஒரு போர் அநீதியானதென்று தெளிந்தவன் அரசன் ஏவினும் அதிற் போர்புரியலாகாது என்றார். ஐயமுற்றவனோ அரசனை நம்பிச் செல்லலாம் என்றும் அவர் இடங்கொடுத்தார். அவ்வாயில் மிக அகன்றது; படைவீரருட் பெரும்பாலார் ஐயத்திலேயே நிற்பவராதலின் எல்லாரும் அதன்வழியே புகுந்துவிடலாம். 1945, 1946 ஆம் ஆண்டுகளிலே நூரம்பேர்க் நகரில் நடைபெற்ற விசாரணையிலே, மேலிடத்துக் கட்டளையென்பது குற்றவாளியைப் பொறுப்பினின்றும் விடுவியாது என்னும் நியதி வலியுறுத்தப்பட்டது. சட்டம் இவ்வளவு தெளிவாயிருந்தும், களத்திலே அது எவ்வாறு நின்றது என்பதை ஒரு நாட் செயல் காட்டும்.

1968 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16 ஆம் நாள், தென் வியட்நாமிலுள்ள மை லாய் என்னும் ஊரிலே அமெரிக்கப் படையினர் புகுந்து, ஆயுதமற்ற முதியோரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்றனர். இறந்தோர் 347 என்பது அமெரிக்கர் கணக்கு; 504 என்பது வியட்நாமியர் கணக்கு. ஹியூ தொம்சன் என்னும் 24 வயதினன் ஹெலிகொப்டர் ஓட்டியாக அவ்வூர்மேற் பறந்து கொண்டிருந்தான். கீழே நடப்பதைக் கண்டு, உயிர் தப்ப ஓடிய ஊரவர்க்கும் அவரைத் துரத்திய தன் தேசத்துப் படையினர்க்கும் இடையிலே தன் ஊர்தியை இறக்கினான். இவ்வெளியோரைச் சுடுவாராயின் எம்மவரையே சுடுங்கள் என்று தன் துணைவரிருவர்க்கும் கட்டளையிட்டு இறங்கி, ஒளிந்திருந்தோரை வெளியே அழைத்து, வேறு ஹெலிகொப்டர்களை வருவித்து அவர்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பினான். பின்னர் மேலதிகாரிகளுக்கு முறையிட்டான். அக்கொலையிலே தலைமைப்பட்ட வில்லியம் கலி என்னும் லெப்டினன்ட், யான் கட்டளையை நிறைவேற்றினேன் என்றே விசாரணையிற் சொன்னான். 1971 ஆம் ஆண்டு குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டான். தொம்சனோ தன் நாட்டவர் பலராற் பலகாலம் துரோகியென இகழப்பட்டு, முப்பது ஆண்டு கழிந்தபின் 1998 ஆம் ஆண்டிலே படைவீரர்க்குரிய பதக்கம் பெற்றான்.

இருவரும் ஒரே படையினர். ஒரே உறுதிமொழி செய்தவர். ஒரே ஊரில், ஒரே காலைப்பொழுதில் நின்றவர். தொம்சன் படையிற் சேராதிருந்தால் அன்று அவன் காத்த உயிர்கள் யாரால் காக்கப்பட்டிருக்கும்? நல்லோரெல்லாம் படையை விட்டு விலகுக என்று உபதேசிப்பவர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். அன்றியும், அவன் அன்று செய்தது முகாமிற் பயின்றதொன்றன்று என்பது எம் கருத்து. அது வீட்டிலும் பள்ளியிலும் முன்னரே ஊன்றியிருக்க வேண்டியது.

ஏனாதிநாத நாயனார் சரித்திரத்தை எம் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் கற்பிக்கின்றனர். அவர் ஓர் ஆசிரியர், அதுவும் வாட்படை பயிற்றிய ஆசிரியர் என்பது பெரும்பாலும் கவனியாது விடப்படுகின்றது. அதிசூரன் வஞ்சனையாக அணிந்து வந்த திருநீற்றைக் கண்டவுடன் அவர் வாள் தாழ்ந்தது. நிராயுதரைக் கொன்றான் என்னும் பழி அவனை அடையாதபடி வாளும் பலகையும் நெகிழாது பிடித்தே நின்றார். போர்த்தொழிலையே வாழ்வாகக் கொண்டவர் அவர். ஆயினும் எதன்முன் தம் வாள் ஓங்கலாகாது என்பதை அக்கணத்திலே யோசித்துக் கண்டவரல்லர். நெடுநாள் முன்னரே அறிந்திருந்தார். படைசேர எண்ணும் மாணாக்கனிடம் ஆசிரியர் கேட்கத்தக்கது இதுவே: தம்பி, எதனைச் செய்யும்படி ஏவினால் நீ மறுப்பாய்? மறுத்தால் வரும் தண்டனையைப் பொறுப்பாயா? நீ சேரக் கருதும் படை, இக்காலத்தே, மறுத்தவர்களை என்செய்திருக்கின்றது? முதலிரண்டுக்கும் விடையில்லாதவன் இன்னும் சிலகாலம் பொறுத்தல் நன்று. மூன்றாவதன் விடையை ஆசிரியரும் அவனும் கூடியிருந்தே தேடவேண்டும். அது ஒரு மாலைப்பொழுதில் முடியாது.

இதற்கு மறுதலையான உறுதிமொழியும் உண்டு. 1933 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே ஒக்ஸ்போட் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தார், அரசனுக்காகவும் நாட்டுக்காகவும் எந்நிலையினும் போர்புரியோம் என்று 275 வாக்குக்கு 153 வாக்காகத் தீர்மானித்தனர். ஆறாண்டின்பின் ஹிட்லரோடு போர் மூண்டபோது, அத்தலைமுறை மாணவர் பலர் படையிற் சேர்ந்தனர். அவரை வாக்குத் தவறியோர் என்று யாம் கூறேம். கொல்லாமையை வாழ்நாள் விரதமாக ஏற்று அதற்காகச் சிறைசென்றோர் வேறு. கைதட்டலுக்கிடையே எந்நிலையினும் என்று மொழிந்தோர் வேறு. எந்நிலையினும் கீழ்ப்படிவேன் என்பவனைப்போலவே இவரும் வருங்காலத்து ஆராய்ச்சியை முன்னரே விற்றுவிட்டனர்.

வறுமையைப் பற்றிச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. தேசபக்தியினாற் சேர்பவரிலும், வேறு உத்தியோகம் கிடையாமையினாலும் தங்கையின் விவாகத்துக்குப் பொருள் வேண்டியும் சேர்பவர் எந்நாட்டிலும் பலர். அதனை இழிவான காரணமென்று ஆசிரியர் முகஞ்சுழித்தல் தகாது. மாதந்தோறும் சம்பளம் வாங்குபவர்க்கு அது எளிது. ஆயினும் தாயின் பசிக்காகச் சேர்பவனும் அதே உறுதிமொழியையே செய்கின்றான். சார்த்தருடைய மாணாக்கனுக்குத் தாய் ஒருபுறமும் படை மறுபுறமும் நின்றன; இவனுக்கோ தாயே படைக்கு அனுப்புகின்றாள். இவன் நிலை அவன் நிலையினும் இரங்கத்தக்கது என்றே சொல்ல வேண்டும். வேறொரு வேலைக்கு வழிகாட்ட ஆசிரியராற் கூடுமாயின், நூறு நியாயம் பேசுவதிலும் அதனை முதலிற் செய்க.

இனி, படிப்பில் மந்தனாயும் உடல்வலியும் முரட்டுத்தனமும் உடையவனாயும் உள்ள மாணாக்கனைக் கண்டால், இவனைப் படைக்கு அனுப்புங்கள் என்று பெற்றோர்க்குக் கூறிவிடும் ஆசிரியர் சிலருளர். ஆராயும் ஆற்றல் குறைந்தவன் கையிலே துப்பாக்கியைக் கொடுக்கும்படி கூறுகின்றோம் என்பதை அவர் எண்ணுகின்றாரில்லை. தம் வகுப்பு அமைதியடைந்தால் அவர்க்குப் போதும்.

படைசேர்வதென்று தீர்மானித்தவன் நற்சாட்சிப் பத்திரம் கேட்டு மீண்டும் ஆசிரியரிடம் வருவான். தமக்கு உடன்பாடில்லை என்பதற்காக அதனை மறுத்தல் முறையன்று; அது அவனிடம் விட்ட தீர்மானத்தைப் பின்வாயிலால் மீளப் பறித்துக்கொள்வதாகும். கண்டதைக் கண்டபடி எழுதிக்கொடுக்க வேண்டும். ஆனால் அப்பத்திரங்களிலே, மாணாக்கன் எவனாயினும், கீழ்ப்படிவுள்ளவன் என்னும் சொல்லை வழக்கமாக எழுதிவிடுகின்றோம். இவன் பத்திரத்தில் அதனை எழுதுமுன், இவன் எம்மை என்றேனும் மறுத்துப் பேசியதுண்டா, அம்மறுப்பு நியாயமானதாயிருந்ததா என்று சற்றே நினைவுகூர்தல் வேண்டும். உண்டாயின் அதனையும் ஒரு வரியிற் சேர்த்து எழுதலாம்.