எழுந்த பிள்ளைக்கு உணவு



மாற்கு சுவிசேஷத்தின் 5-ம் அதிகாரத்தில், ஜெபக்கூடத் தலைவன் ஒருவனுடைய மகள் உயிர்பெற்ற சம்பவத்தை எத்தனையோ முறை பூசையில் கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வயதுப் பெண். இறந்து போனாள் என்று வீடெங்கும் ஒப்பாரி. சேசுநாதர் சுவாமி உள்ளே போகிறார். அவள் கையைப் பிடிக்கிறார். பெண் எழுந்து நடக்கிறாள். இவ்வளவும் நமக்கு ஞாபகமிருக்கும். ஆனால் அந்த அதிகாரம் முடிகிற இடத்தை அநேகர் கவனிப்பதில்லை. எல்லாரும் பிரமித்து நிற்கையில், பிள்ளைக்கு உண்ண ஏதேனும் கொடுக்கும்படி அவர் வீட்டாருக்குக் கட்டளையிட்டார் என்று சுவிசேஷகர் எழுதி வைத்திருக்கிறார்.

மரணத்தை வென்றவருக்கு ஒரு வாய் உணவை உண்டாக்குவது பெரிய காரியமா? ஆயினும் அந்த ஒரு வாய் உணவை அவர் புதுமையாகச் செய்யவில்லை. தாய் தகப்பனிடமும், கூடியிருந்தவர்களிடமும் அதை விட்டுவிட்டார். பிள்ளையின் பசியைத் தீர்ப்பது மனிதர் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலையைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறோம்.

நமது பட்டணம் இந்த வேலையில் யாருக்கும் பின்வாங்கினதல்ல. தியாகராய நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயச் செட்டியார் சென்னை நகரசபைக்குத் தலைவராயிருந்த காலத்தில், 1920-ம் ஆண்டு, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகரசபைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுப்பதென்று தீர்மானம் நிறைவேறிற்று. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படக் கூடாது என்பது கணக்கு. பாண்டி பஜாரில் பண்டிகைக்குத் துணி எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஓரணாவை நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை. பிறகு 1956-ல் காமராஜர் முதன்மந்திரியாயிருக்கையில் பள்ளிக்கூட மதிய உணவு ராஜ்யமெங்கும் பரவத் தொடங்கிற்று.

இவையெல்லாம் மகா தர்மங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த உணவு பள்ளிக்கூடத்துக்கு வந்து உட்காரக்கூடிய பிள்ளைக்குத்தான் கிடைத்தது. ஐந்து வயதுக்குட்பட்டது எங்கே போகும்? பசியும் நோயும் அதிகமாய்க் கெடுப்பதோ அந்த வயதைத்தான். மூன்று வயதுக்குள் மூளையின் பெரும்பாகம் வளர்ந்துவிடுகிறது என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். அப்போது கொடுக்கத் தவறினதைப் பத்து வயதில் இரட்டிப்பாய்க் கொடுத்தாலும் முழுவதும் ஈடாகாது.

இந்தக் குறையைக் கண்டு சொன்னவர்களில் ஒருவர் நம்முடைய பட்டணத்திலேயே வாழ்ந்து 2022-ல் காலமான மீனா சுவாமிநாதன் அம்மையார். பள்ளி வயதுக்கு முற்பட்ட குழந்தைகளைப் பற்றி ஆராய மத்திய சர்க்கார் அமைத்த குழுவுக்கு அவர் தலைவராயிருந்தார். 1972-ல் வந்த அந்த அறிக்கையின் வழியாகத்தான் 1975 அக்டோபர் 2-ம் தேதி, தேசத்தில் 33 இடங்களில், நம் தெருக்களில் பால்வாடி என்று சொல்கிற அங்கன்வாடித் திட்டம் ஆரம்பமாயிற்று. நம் ராஜ்யத்தில் 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமோ இரண்டு வயதுப் பிள்ளைக்கும் இலை போட்டது. முதலில் கிராமங்களில், அவ்வருஷம் செப்டம்பர் மாதம் பட்டணங்களிலும்.

இன்னும் சிறிய பிள்ளையைத் தேடிப் போன கதை ஒன்று உண்டு. 1980-ல் மதுரை ஜில்லா கொட்டாம்பட்டியில் உலக வங்கியின் உதவியோடு ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் நிறுப்பார்கள். எடை ஏறாமல் நின்றுவிட்ட பிள்ளைக்கு மட்டும் தொண்ணூறு நாள் மாவுருண்டை கொடுப்பார்கள். எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். இதற்கு நியமித்த ஊழியை எங்கிருந்தோ வந்த அதிகாரியல்ல, அதே ஊர்ப் பெண். ஏழையாயிருந்தும் தன் பிள்ளைகளை நன்றாய் வளர்த்தவளாய் இருந்தால் விசேஷம் என்று தேடினார்கள். இந்தத் தேர்வை நாம் மிகவும் மெச்சுகிறோம். வசதியுள்ளவள் சொன்னால், “உனக்கு முடியும், எனக்கு முடியுமா?” என்று அடுத்த வீட்டுக்காரி கேட்பாள். தன்னைப் போல் கூலிக்குப் போகிறவளிடம் அப்படிக் கேட்க முடியாதல்லவா?

அந்தத் தராசு நமக்கும் ஒரு பாடம் சொல்லுகிறது. எடை ஏறாத பிள்ளை பார்வைக்கு நோயாளியாய்த் தோன்றாது. சிரிக்கும், தவழும். “எங்கள் வம்சமே சிறு உடம்பு” என்று பாட்டி சொல்லுவாள். மூன்று மாதம் ஒரே எடையில் நின்றதைத் தராசு மாத்திரம் காட்டிக் கொடுக்கும். உங்கள் பேரப்பிள்ளையின் தடுப்பூசி அட்டையைப் பீரோவில் பத்திரமாய் வைத்திருக்கிறீர்கள். நல்லது. அதில் எடைக் கோடு ஏறுகிறதா, படுத்திருக்கிறதா என்று பார்த்ததுண்டா?

தடுப்பூசி என்றதும் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. 1955-ல் பி.சி.ஜி. ஊசியை இராஜாஜி அவர்கள் வெகு கடுமையாய் எதிர்த்தார். அந்த மருந்தைச் செய்கிற சாலையோ கூப்பிடு தூரத்தில், கிண்டியிலேயே இருந்தது! அவருடைய சந்தேகம் முழுவதும் வீணென்று சொல்ல மாட்டோம். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுப்பதில்லை என்று, செங்கற்பட்டு ஜில்லாவில் 1968-ல் தொடங்கிய பெரிய ஆராய்ச்சி பின்னால் காட்டிற்று. ஆனால் கைக்குழந்தைகளைக் கொல்லுகிற மூளைக் காசத்திலிருந்து அது காப்பாற்றுகிறது. ஆதலால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். இளம்பிள்ளை வாதமோ 2011 ஜனவரிக்குப் பிறகு நம் தேசத்தில் ஒரு பிள்ளையையும் முடக்கவில்லை என்று 2014-ல் சான்று கிடைத்தது. பஸ் நிலையத்திலும் கோயில் வாசலிலும் நின்று சொட்டு மருந்து ஊற்றின பெண்களை நாம் மறந்துவிட்டோம். ஆண்டவர் மறந்திருக்க மாட்டார்.

இனிச் சற்று கசப்பான பேச்சு. பொறுத்துக் கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டு மகளோ மருமகளோ பெரிய கம்பெனியில் வேலை பார்த்தால், சட்டத்தின்படி முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுமுறை கிடைக்கும். ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும். நியாயமான சட்டம். ஆனால் உங்கள் வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தால் எத்தனை வாரம்? அவளுக்கு அந்தச் சட்டமும் காப்பகமும் எல்லாம் நீங்களே. நாற்பதாம் நாள் அவள் வேலைக்கு வந்து நிற்கிறாள். ஆறு மாதம் வரையில் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்று வைத்தியர் சொன்னது அவளுக்கும் தெரியும். ஆனால் பிள்ளை பட்டினப்பாக்கத்தில், பால் மயிலாப்பூரில். எட்டு வயது அக்காள் பள்ளிக்குப் போகாமல் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டிக் கொண்டிருக்கிறாள். இதில் இரண்டு பிள்ளைகளின் காலம் கெடுகிறது. சம்பளத்தைப் பிடிக்காமல் மூன்று மாதம் அவளை வீட்டில் இருக்கச் சொன்னால் நம்முடைய குடும்பம் அழிந்துவிடுமா? அவ்வளவு இயலாதென்றால், பிள்ளையை உடன் கொண்டு வரச் சொல்லி, ஓர் அறையில் தூளி கட்ட இடங்கொடுங்கள். பால் கொடுக்கிற அரைமணி நேரத்தை வேலை நேரத்தில் கழிக்காதிருங்கள்.

இன்னொன்று. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கும், கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கிற தாய்க்கும் அங்கன்வாடியில் சத்துமாவு கொடுக்கிறார்கள். வீட்டில் மாமியார், மாமனார், மூத்த பிள்ளைகள் எல்லாரும் அதைப் பங்கு போட்டுக் கொண்டால் சின்னதுக்கு என்ன மிஞ்சும்? அது பிள்ளையின் சொத்து. பிறருடைய சொத்தை எடுப்பதைப் பற்றிக் கற்பனை என்ன சொல்லுகிறது என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறீர்கள்.

கடைசியாக, எடை ஏறியும் புத்தி வளர்ச்சி தாமதிக்கிற பிள்ளைகளைப் பற்றி. ஒரு வயதாகியும் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, இரண்டு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை நம் பங்கில் இல்லையா? இருக்கிறார்கள். பூசைக்குத்தான் அவர்களைக் காணோம். ஏன்? தாய் கூசுகிறாள். அவளைக் கூசச் செய்தவர்கள் நாம். “யார் செய்த பாவமோ” என்று கோயில் வாசலிலேயே பேசுகிறோம். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள் என்று அருளப்பர் சுவிசேஷம் 9-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவன் பாவமுமல்ல, பெற்றோர் பாவமுமல்ல என்று கர்த்தர் பதில் சொல்லி, உடனே குனிந்து சேறு குழைத்து வேலையில் இறங்கினார். நாமோ அவர் பதிலை விட்டுச் சீஷர்களின் கேள்வியைப் பிடித்துக் கொண்டிருக்கிறோம்.

தி. நகரில் மதுரம் நாராயணன் மையம் 1989 முதல் நடந்து வருகிறது. பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள, புத்தி வளர்ச்சி தாமதிக்கிற பிள்ளைகளுக்கென்றே ஏற்பட்டது. பிள்ளையோடு பெற்றவர்களுக்கும் அங்கே பயிற்சி தருகிறார்கள். நாள் முழுவதும் பிள்ளையோடு இருக்கிறவர்கள் அவர்கள்தானே. கோட்டூர்புரத்தில் 1985-ல் தொடங்கிய வித்யாசாகர், கைகால் அசைவில் குறையுள்ள பிள்ளைகளுக்கு வெகுகாலமாய் உதவி வருகிறது. “வயது வந்தால் சரியாகும்” என்று மூன்று வருஷம் காத்திருப்பதைவிட, மூன்றாம் மாதம் ஒருமுறை போய்க் கேட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்து சந்தோஷமாய்த் திரும்புவது மேல்.

பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாகவும் ஞானத்தகப்பனாகவும் நின்றவர்களே, வெள்ளிக் கொலுசு வாங்கிக் கொடுத்ததோடு உங்கள் கடமை தீரவில்லை. தடுப்பூசிக்குத் தாயோடு கூடப் போக யாருமில்லையென்றால் நீங்கள் போங்கள். உங்கள் தெருவுக்கு அடுத்த பால்வாடி எங்கேயிருக்கிறதென்று இந்த வாரம் தெரிந்து கொள்ளுங்கள். பிறந்தநாளென்று கேக்கை எடுத்துக்கொண்டு போய்ப் படம் பிடித்துத் திரும்பாதேயுங்கள். அங்குள்ள ஊழியையிடம் என்ன வேண்டுமென்று முதலில் கேளுங்கள். பாயாக இருக்கலாம், மின்விசிறியாக இருக்கலாம், ஒழுகாத தண்ணீர்க் குழாயாக இருக்கலாம். கேட்டதை அர்ச். வின்சென்ட் தெ பவுல் சபையாரிடம் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் சொல்லுங்கள்; அவர்கள் எழுதிக் கொள்வார்கள்.